வெள்ளைத்தாளில் அடித்த அறுபது பிரதிகள்

தம்பி, சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். போன கிழமை வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய குரல்பதிவை ஐந்து முறை போட்டுக் கேட்டேன். "அம்மா, ஒரு சின்ன உதவி. நீங்கள் அந்தப் பிரஸ்ஸிலை கம்போசிற்றரா இருந்தனீங்கள் எண்டும், கொப்பித்தாளிலை அடிச்சதுதான் முதற்பதிப்பு எண்டும் ஒரு பக்கத்திலை எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ. இங்கை யூனிவேர்சிற்றி லைப்ரரியிலை கேக்கினம். எழுத்துக் கோத்த ஆளே சாட்சி சொன்னால் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேலாது" என்கிறாய். நீ கேட்டது ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம் காணாது, போதவே போதாது. அத்தோடு இதை உனக்கு மட்டும் அனுப்பவும் போவதில்லை. நீ அந்த மனுசனை அவமானப்படுத்தியது நூறு பேருக்கு முன்னால். இதையும் நூறு பேர் வாசிக்கட்டும் என்று இங்கே வரும் வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுக்கிறேன். வெட்கமாக இருந்தால் இரு. எனக்கும்தான் வெட்கம், உன்னைவிட முப்பது வருடம் கூட.

மற்றவர்களும் வாசிப்பதால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ ரொறன்ரோவில் கம்பியூட்டர் வேலை செய்கிறாய். மிச்ச நேரமெல்லாம் ஈழத்து நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்க்கிறாய், விற்கிறாய், எது முதற்பதிப்பு எது இல்லை என்று காணொளி போட்டு வகுப்பெடுக்கிறாய். இந்த ஆவணியில் ஊருக்கு வந்தபோது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மண்டபத்தில் உனக்குக் கூட்டம் வைத்தார்கள். மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்த ஒரு சிறுகதைத் தொகுதி. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்தக் குடாநாட்டுக்குள் தாள் வரவிடவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பித்தாளில் புத்தகம் அடித்தோம் என்று நீ சொல்லச் சொல்லச் சனம் கண்ணைத் துடைத்தது. அந்தப் பிரதியின் முதல் பக்கத்தில் 'முதற்பிரதி' என்று எழுதி, எழுத்தாளர் கையொப்பம் வைத்து, வெளியீட்டு விழா மேடையில் ஒரு புடவைக்கடை முதலாளிக்குக் கொடுத்த விபரமும் இருந்தது. அந்த முதலாளியின் பேரனிடம் நீ வாங்கியது. "இதைவிட முதற்பதிப்புக்கு என்ன அத்தாட்சி வேணும்?" என்று நீ கேட்டாய். சனம் கை தட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்து நானும் தட்டினேன்.

அப்போதுதான் அந்த மனுசன் எழும்பி வந்தார். குருநகர்க் கடற்தொழிலாளி, எண்பது வயதுக்கு மேல், இடுப்பில் வெள்ளைச் சாரமும் மேலே அயன் பண்ணிய சேட்டும். சொப்பிங் பையில் சுற்றி ஒரு புத்தகம் வைத்திருந்தார். "தம்பி, குறை நினையாதையுங்கோ. உந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறது முதல் அடிச்சதில்லை. இதுதான் முதல். என்ரை மகள் எழுதினது" என்று நீட்டினார். நீ வாங்கி இரண்டு பக்கம் புரட்டினாய். இரண்டே இரண்டு பக்கம். "ஐயா, அந்த நேரம் யாழ்ப்பாணத்திலை வெள்ளைத்தாள் எங்கை இருந்தது? இது பிறகு ஆரோ அடிச்சது" என்றாய், மைக்கில். "தாள் நான்தான் வள்ளத்திலை கொண்டுவந்து குடுத்தனான், தம்பி" என்றார் அவர், மைக் இல்லாமல். "எல்லா வீட்டிலையும் உப்பிடி ஒரு கதை இருக்கு" என்றாய். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு உனக்கு ருசித்துவிட்டது, நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "சரி ஐயா, உள்பக்கத்திலை என்ன போட்டிருக்கெண்டு வாசியுங்கோ பாப்பம்" என்று அவருடைய புத்தகத்தையே விரித்து அவர் கையில் கொடுத்தாய். அவர் அதைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். "எனக்கு எழுத்துத் தெரியாது, தம்பி" என்றார். "அப்ப பாருங்கோவன்" என்று சனத்தைப் பார்த்துச் சொன்னாய்.

அவர் திரும்பும்போது என்னைக் கண்டார். கண்டவுடன் நின்றார். நான் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிரஸ்ஸில் அவருடைய மகளின் கதைகளை எழுத்தெழுத்தாகக் கோத்தவள் நான், அவர் கொண்டுவந்த தாளைக் கையால் வாங்கி அடுக்கியவள் நான். ஒரு வார்த்தை, "ஓம், அவர் சொல்லுறது சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தேன். அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது ஓட்டோவில் நீ கேட்டாய், "என்னம்மா ஒண்டும் கதைக்காமல் இருந்தனீங்கள்? நீங்கள் அங்கை வேலை செய்தனீங்கள் எல்லே?" என்று. "நான் என்னத்தைக் கண்டன்" என்றேன். அளவெட்டியில் வீடு வந்து சேரும்வரைக்கும் நீ உன் கெட்டித்தனத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாய்.

இப்போது உனக்கு அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்லித் தருகிறேன், பெரிய நிபுணர் அல்லவா நீ. மேடையில் கொடுக்கிற முதற்பிரதிக்கும் மெஷினிலிருந்து இறங்கிய முதற்பிரதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த ஊரில் காசுள்ள ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு ரிப்பன் கட்டின புத்தகத்தைக் கையில் கொடுத்து, அவர் ஒரு என்வலப்பைக் கொடுக்க, அதற்கு முதற்பிரதி என்று பெயர் வைப்பார்கள். அது மரியாதை. அது அத்தாட்சி இல்லை. ஊரில் பிறந்து வளர்ந்த உனக்கு இது தெரியாதா? தெரியும். கண்ணாடிப் பெட்டிக்கு அழகாக இருந்ததால் மறந்துவிட்டாய். 'முதற்பதிப்பு' என்று உள்பக்கத்தில் இருக்கும் வரியையும் நம்பாதே, வேறொருவர் போட்ட புத்தகத்தை வாங்கி அடிக்கிற பதிப்பகங்களும் தங்கள் முதல் தடவைக்கு அதையேதான் போடுவார்கள். தாளை நம்பாதே. தாள் கிடைத்ததை வாங்கி அடிப்பது. ஈயத்தைப் பார். ஈயத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எங்கள் பிரஸ்ஸில் முழுப் புத்தகத்துக்கும் ஈய எழுத்துக் காணாது. எட்டுப் பக்கம் கோத்து, அடித்து முடிந்தவுடன் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுத்தான் அடுத்த எட்டுப் பக்கம் கோப்போம். மின்சாரமும் இல்லை, காலால் மிதிக்கிற மெஷின். அந்தப் புத்தகத்துக்கு எட்டுப் பக்கத்துக்கு ஒரு கதை. ஒவ்வொன்றையும் முதலில் வெள்ளைத்தாளில் அறுபது அடித்தோம், உடனேயே கொப்பித்தாளில் முந்நூறு. கதைத் தலைப்புக்குக் கீழே இரண்டு இலை வைத்த ஒரு ஈய அலங்காரக் கட்டை, பிரஸ்ஸில் அது ஒன்றுதான் இருந்தது, எல்லாக் கதைக்கும் அதையே மாற்றி மாற்றி வைத்தேன். ஏழாவது கதைக்கு வெள்ளைத்தாள் அறுபதும் முடிந்து, கொப்பித்தாள் தொடங்க முதல் நான் அச்சுச் சட்டத்தின் ஆணியை இறுக்கியபோது இடப்பக்கத்து இலை முறிந்துவிட்டது. என் கையால் முறிந்தது. அதனால் வெள்ளைப் பிரதியில் ஏழாவது கதைக்கு இரண்டு இலை. உன் கண்ணாடிப் பெட்டிப் பிரதியில் ஏழாவது கதைக்கு ஒரு இலை. எட்டாவதிலிருந்து இரண்டிலும் ஒரு இலைதான். பிறகு யாரோ திரும்ப அடித்தது என்றால் எல்லாக் கதைக்கும் முறிந்த கட்டையின் ஒரு இலைதானே வந்திருக்கும், விசரா? உன்னிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது, லைற் இருக்கிறது, கையுறைகூடப் போடுகிறாய். ஏழாவது கதை மட்டும் புரட்ட நேரமில்லை.

அந்த வெள்ளைத்தாளை அவர் இந்தியாக் கரையிலிருந்து வள்ளத்தில் கொண்டுவந்தார். ஆட்கள் மருந்தும் பெற்றோலும் கொண்டுவருகிற நேரத்தில் இந்த மனுசன் மகளின் புத்தகத்துக்குத் தாள் கொண்டுவந்தார், பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி. அறுபது பிரதிக்குத்தான் வந்தது. மேடையில் அதைக் காட்டவேண்டாம் என்று பிரஸ் முதலாளி சொல்லிவிட்டார். "தாள் எங்காலை வந்தது எண்டு கேட்டு வருவாங்கள், பிள்ளை. கொப்பித்தாளிலை அடிச்சதைக் குடுப்பம். இது உள்ளை கிடக்கட்டும்" என்றார். மறைத்து வைக்கமுதல், கதை எழுதிய அந்தப் பிள்ளை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தே முதல் தைத்ததை எடுத்துத் தகப்பனின் கையில் வைத்தாள். "அப்பா, முதல் முதல் இறங்கினது. இது உங்களுக்கு" என்றாள். அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். மிச்சம் ஐம்பத்தொன்பதையும் நான் கட்டி எழுத்துப் பெட்டிகளுக்குக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் எனக்குள் என்ன இருந்தது என்று பூசி மெழுகாமல் சொல்கிறேன். வயிறெரிச்சல். நானும் கதை எழுதினேன், இரண்டு கொப்பி நிறைய. ஒருவரும் போடவில்லை. அளவெட்டியில் தோட்டமும் துரவும் வைத்திருந்த குடும்பத்துப் பெண் நான், கடற்கரைப் பெட்டை ஒருத்தியின் கதைக்கு எழுத்துக் கோக்கிறேன், ஒவ்வொரு பக்கத் தலையிலும் அவளுடைய பெயரைக் கோக்கிறேன் என்ற நினைப்பு என்னை அரித்தது. சாதித் திமிர்தான், வேறு பெயர் சொல்லத் தேவையில்லை. என் தகப்பன் வயதுள்ள அந்த மனுசனை 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்றுதான் கூப்பிட்டேன். "தாளை உதிலை வையும்" என்பேன். அவள் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். அவளுடைய கதைகள் நல்ல கதைகள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு நாள், ஆமி வருகிறது என்று எல்லோரும் ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தது. உன் அப்பா கொழும்பில் அகப்பட்டிருந்தார். உனக்குப் பதினொரு மாதம். அவளுடைய தாய்க்கு நடக்க முடியாது, அந்தத் தகப்பனும் மகளும் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். "அக்கா, உங்கடை சைக்கிள் கரியரிலை இடமிருக்கோ? புத்தகக் கட்டை மட்டும் கொண்டுபோவீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். கடல்நீரேரி தாண்டித் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். மழை. உனக்கு வயிற்றோட்டம், கொதித்த தண்ணீரில்தான் மாப்பால் கரைக்கவேண்டும். விறகு நனைந்துபோய்க் கிடந்தது. பொலித்தீனில் சுற்றின புத்தகக் கட்டு மட்டும் காய்ந்திருந்தது. எரித்தேன். முதல் நாள் காலையில் நாலு புத்தகம், தண்ணீர் கொதித்துவிட்டது. இவ்வளவோடு நின்றிருந்தால் பிள்ளைக்காக எரித்த தாய் என்று நானே என்னைப் பற்றி ஒரு கதை எழுதியிருப்பேன்.

அடுத்த வகுப்பறையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, ஏன் புத்தகத்தை எரிக்கிறியள்? இந்தாங்கோ, காய்ஞ்ச தென்னமட்டை கிடக்கு, எடுங்கோ" என்று ஒரு பிடி கொண்டுவந்து வைத்தாள். எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்த புத்தகத்தைக் கிழித்தேன். தம்பி, மூன்று நாள் காலையில் ஐம்பத்தொன்பதையும் எரித்தேன். அவளுடைய பெயர் இருந்த பக்கத்தை முதலில் கிழித்து வைத்துக் கொளுத்தினேன். என்னுடைய இரண்டு கொப்பிகளும் அதே பையில்தான் கிடந்தன. அவற்றைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் அவள் தேடிக்கொண்டு வந்தாள். "கடல்நீரேரி கடக்கேக்கை கட்டு தண்ணியிலை விழுந்திட்டுது" என்றேன். அவள் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பிள்ளை தப்பினது காணும், அக்கா. நீங்கள் அழாதையுங்கோ" என்றாள். நான் அழவேயில்லை. வன்னியில் காய்ச்சல் கண்டு அவள் செத்துப்போனாள் என்று இரண்டு வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். அப்போதும் அழவில்லை.

உன்னையும் நான் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் நீ ஒரு கதை எழுதிக்கொண்டு வந்து காட்டினாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன், விருந்தாளிகளுக்கு முன்னால் இரண்டு வரி வாசித்தும் காட்டினேன். அதற்குப் பிறகு நீ எழுதவில்லை, மற்றவர்கள் எழுதியதைச் சேர்க்கத் தொடங்கினாய். எனவே மேடையில் ஒருவரை நிறுத்திச் சிரிக்க வைக்கும் வித்தையை நீ எங்கே படித்தாய் என்று நான் யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை. போன வருடம் தெல்லிப்பழையில் ஒரு வாத்தியாரின் மனைவியிடம் வாங்கிய புத்தகத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, அந்த வாத்தியார் தன் மனைவிக்கு எழுதிக் கொடுத்திருந்த பக்கத்தை நீ பிளேடால் அரிந்து எடுத்தாயே, "பேர் எழுதாத பிரதிக்குத்தான் மதிப்புக் கூட, அம்மா" என்று. நான் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். அரிந்த பக்கத்தைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அதை அந்த மனுசியிடம் திருப்பிக் கொடுக்கும் வேலையும் உன்னுடையது.

உன் குரல்பதிவைக் கேட்ட பிறகு, செவ்வாய்க்கிழமை, பஸ் எடுத்து நகரத்துக்குப் போய் அங்கிருந்து ஓட்டோவில் குருநகருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். "ஐயா" என்று கூப்பிட்டேன், நாக்குத் தடக்கியது. பிளாஸ்ரிக் கதிரை எடுத்துப் போட்டு இருக்கச் சொன்னார், பேத்தியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். உன்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கோபம் இல்லை. அதைவிட மோசம். "படிச்ச தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும், பிள்ளை. முதல் இறங்கினது உங்களுக்கெண்டு சொல்லித்தான் மகள் தந்தவள். நான் சந்தோசப்படட்டும் எண்டு சும்மா சொல்லியிருப்பாள். பிள்ளையள் அப்பிடித்தானே" என்றார். விளங்குகிறதா, தம்பி? செத்துப்போன பிள்ளையின் ஒரு சொல்லை முப்பது வருடம் வைத்துக்கொண்டு இருந்த மனுசனிடம், உன் பிள்ளை பொய்க்காரி என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். உன் கண்ணாடிப் பெட்டிப் பிரதியின் ஏழாவது கதைப் பக்கத்தை உன் காணொளியிலிருந்து போனில் எடுத்து வைத்திருந்தேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாத மனுசனுக்கு இலை தெரியும்தானே. விரலை வைத்து எண்ணினார், "இதிலை ரெண்டு. உதிலை ஒண்டு." முறிந்த கதையைச் சொன்னேன். "அப்ப என்ரை பிள்ளை பொய் சொல்லேல்லை" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். பேத்தியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. தேத்தண்ணியை என் கையில் தானே எடுத்துத் தந்து, "குடியுங்கோ, பிள்ளை, குடியுங்கோ" என்றார். பிறகு கேட்டார், "மற்றதுகள் எங்கை? ஐம்பத்தொன்பது இருந்ததெல்லே?"

தண்ணியில் விழுந்துவிட்டது என்ற பழைய பொய் வாயில் வந்து நின்றது. விழுங்கினேன். எரித்தேன் என்றேன், பிள்ளைக்குப் பால் கரைக்க. அவர் யோசித்துவிட்டு, "பச்சைப் பிள்ளைக்கெண்டால் பரவாயில்லை, பிள்ளை" என்றார். அந்த இடத்தில் நான் எழும்பி வந்திருக்கலாம், மன்னிப்பு என் மடியில் விழுந்துவிட்டது. ஆனால் மிச்சத்தையும் சொன்னேன். நாலு போதும் என்பதை, தென்னமட்டையை, பெயர்ப் பக்கத்தை. "அந்தப் பிள்ளை இப்ப எங்கை?" என்றார் கடைசியில். "அண்டைக்கு மைக்கிலை உங்களை வாசிக்கச் சொன்னவன்தான், ஐயா" என்றேன்.

அவர் எழும்பி வந்து என் கையிலிருந்த கிளாசை வாங்கினார். பாதிதான் குடித்திருந்தேன். மிச்சத்தை முற்றத்தில் ஊற்றிவிட்டுக் கிளாசைப் பேத்தியிடம் கொடுத்தார். இதையெல்லாம் எழுதி எல்லோருக்கும் தெரியப்படுத்தப் போகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்கோ" என்றார். "ஆனால் என்ரை மகளின்ரை பேரும் புத்தகத்தின்ரை பேரும் அதிலை வரப்படாது. அவளின்ரை பேரை நீங்கள் ஒருக்காக் கோத்தது காணும்."

அதனால்தான் அவள் பெயர் இதில் இல்லை. பெயர் இல்லாத சாட்சிக் கடிதம் உன் லைப்ரரிக்கு உதவாது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு என்ன எழுதுவதென்று நீயே முடிவு செய். இதற்குமேல் நான் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டேன். ஆனால் நீ விமானம் ஏறி வரவேண்டும். நான் வாசல் படலையைத் தாண்டும்போது அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், "அந்தத் தம்பி இஞ்சை வந்தால் நான் கதவு திறக்கமாட்டன்" என்று. அவர் சொன்னால் சொன்னதுதான், திறக்கமாட்டார். வா, வந்து அந்தக் கதவைத் தட்டு.